கையெழுத்து வைக்காத லிவிங்ஸ்டன்

27 யூலை 2004, செவ்வாய்

இன்றைக்கும் இரவு இடியப்பம். இந்த வாரம் முழுக்க இடியப்பம்தான்.

வரலாற்று வகுப்பில் மிஸ் காரஸ் ஒரு தொப்பிக்குள் பெயர்த் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார். அமெரிக்கா சுதந்திரம் பெற்ற காலத்து ஆட்கள். ஆளுக்கு ஒருவர். பள்ளிக்கூடத் தவணை முடிவதற்குள் வகுப்பின் முன் நின்று அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ஹெலனுக்கு வாஷிங்டன் கிடைத்தார். எனக்கு ரொபேர்ட் லிவிங்ஸ்டன். யாருக்கும் தெரியாத ஆள். "உனக்குத்தான் நல்ல ஆள்" என்று மிஸ் காரஸ் சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நூலகத்துப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. நியூயோர்க்கில் பெரிய காணிக்காரக் குடும்பம். சட்டம் படித்தவர். சுதந்திரப் பிரகடனத்தை எழுத ஐந்து பேரை நியமித்தார்கள், அதில் இவரும் ஒருவர். ஆனால் பிரகடனத்தில் இவருடைய கையெழுத்து இல்லை. கையெழுத்து வைப்பதற்கு முதலே ஊருக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். பிற்காலத்தில் நீராவிப் படகுக்குக் காசும் பெயரும் கொடுத்து ஓடவைத்தார். அவ்வளவுதான். இதை வைத்துப் பத்து நிமிடம் என்ன பேசுவது?

எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. எங்கள் அறைக் கதவில் கைப்பிடி இல்லை. இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. டோர்ச் வெளிச்சம் அதற்குள்ளால் ஹோலுக்குப் போகும். அதனால் என் காலுறை ஒன்றைச் சுருட்டி ஓட்டையில் அடைத்திருக்கிறேன். ஒரு கால் விறைக்கிறது. இந்த நாட்டில் யூன், யூலைதான் குளிர்காலம்.

போன வருடம் அக்கா பிந்தி வந்த அன்று அப்பாதான் கைப்பிடியைக் கழற்றினது. அடிக்கவில்லை. கத்தவுமில்லை. ஸ்குரூ டிரைவர் எடுத்துவந்து கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செபமாலை சொல்ல வாங்கோ என்றார். கத்தியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வருகிறது. கோபத்துக்கு, மண்டபம் அகதி முகாமில் படித்த தமிழ்தான் சரி.


3 ஓகஸ்ட், செவ்வாய்

மாதக் கணக்காகக் கராஜில் கார் நிற்பதில்லை. அங்கே கொட்பிறி அண்ணாவின் இயந்திரம் இருக்கிறது.

அவர் குருநகர் ஆள். இங்கே படிக்க வந்து, இப்போது டண்டினோங்கில் குளிர்சாதனப் பெட்டிகள் திருத்தும் பட்டறையில் வேலை. பழைய பால் குளிரூட்டி ஒன்றை வெட்டி ஒட்டி இதைச் செய்திருக்கிறார். மேலே மாவைப் போட்டால் நூலாக விழும், தட்டு நகரும், ஒரு தகரக் குகைக்குள் போய் ஆவியில் அவிந்து மற்றப் பக்கத்தால் வரும். வர வேண்டும். இதுவரைக்கும் ஒரு பக்கம் களியாகவும் மற்றப் பக்கம் பச்சை மாவாகவும்தான் வருகிறது. அதை நாங்கள் சாப்பிடுகிறோம்.

அப்பா பகலில் பஸ் ஓட்டுகிறார். சனி ஞாயிறில் மன்னார் மக்கள் ஒன்றியத்தின் தலைவர். எல்லாத் தீர்மானமும் அவர் எழுதுவதுதான். கொட்பிறி அண்ணாவைக் கண்டுபிடித்ததும், கராஜைக் கொடுத்ததும், காசைப் போட்டதும் அவர். இயந்திரம் ஒரு இடியப்பம்கூட ஒழுங்காகத் தரவில்லை, அதற்குள் நோபல் பார்க், ஸ்பிரிங்வேல் கடைக்காரர்களிடம் வாக்கு வாங்கிவிட்டார் - இனி எங்களிடம் மட்டும்தான் இடியப்பம் எடுக்க வேண்டும். திலகம் அன்ரி இவ்வளவு காலமும் கையால் பிழிந்து அந்தக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் வாடகை கட்டுகிறவர். அவரிடம் யார் கேட்டார்கள்?

இதைக் கேட்டால் லிவிங்ஸ்டனுக்கே சிரிப்பு வரும். அவரும் இதையேதான் செய்தார். மிஸ் காரஸ் தந்த தடித்த புத்தகத்தில் இருக்கிறது. நியூயோர்க் ஆறுகளில் நீராவியால் ஓடும் படகு தனக்கு மட்டும்தான் என்று சட்டசபையில் உரிமை வாங்கிவிட்டார். அப்போது அவரிடம் ஓடும் படகே இல்லை. சபையில் இருந்தவர்கள் 'வெந்நீர்ச் சட்டம்' என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.


7 ஓகஸ்ட், சனி

சுதந்திரம் எழுத உட்கார்ந்தவரின் குடும்பத்தில் அடிமைகள் இருந்திருக்கிறார்கள். புத்தகம் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அவருடைய தோட்டத்து மரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறது. எனக்குப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகம்.


13 ஓகஸ்ட், வெள்ளி

எழுதாவிட்டால் நித்திரை வராது.

இன்றைக்கு இயந்திரம் வேலை செய்தது. அப்பா கராஜிலிருந்து கூப்பிட்டார், நாங்கள் எல்லாரும் ஓடினோம். ஆவியில் ஒருவரும் தெரியவில்லை. ஆவிக்குள்ளிருந்து தட்டுத் தட்டாக வெள்ளை இடியப்பம் வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். கொட்பிறி அண்ணா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. உண்மையாக.

சாப்பிட இருந்தோம். அப்பா சொன்னார், "இண்டைக்கு ரெண்டு நல்ல விசயம்." ஒன்று இயந்திரம். மற்றது என்ன என்று பார்த்தால் என் பக்கம் திரும்பினார்.

"யசி, இனிக் கொட்பிறியை அண்ணா எண்டு கூப்பிடாதை. அத்தான் எண்டு கூப்பிடு."

அம்மாவின் கையில் சொதிக் கரண்டி அப்படியே நின்றது. கொட்பிறி அண்ணாவின் காதுகள் சிவந்தன. அக்கா தலையைத் தூக்கவில்லை. இடியப்பத்தைச் சொதியில் பிசைந்தார், பிசைந்தார், கஞ்சியாகும் வரைக்கும் பிசைந்தார். அப்பா கலியாணத்தை ஒக்ரோபரில் வைக்கலாம் என்றார், மண்டபம் யாருடையது என்றார். அக்காவை ஒருவரும் கேக்கேல்லை. ஒருத்தரும். அக்காவுக்கு இருபத்தொரு வயது, தாதியர் படிப்புக் கடைசி வருடம், அந்த மேசையில்தான் இருந்தவ, உப்பைத் தாங்கோ எண்டு கேக்கிற தூரத்திலை இருந்தவ!

பிறகு குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. படுக்க வந்தபோது கேட்டேன்.

"எனக்கு வேண்டாம் யசி. அவரிலை ஒரு பிழையும் இல்லை. எனக்கு வேண்டாம்."

அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். கொட்பிறி அண்ணாவின் விசா டிசெம்பரோடு முடிகிறதாம். கலியாணம் நடக்காவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்தப் பாவம் உன் தலையில் என்று அப்பா முதலே அக்காவிடம் சொல்லிவிட்டாராம். சம்மதமா என்று கேட்கவில்லை. பாவத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்.

அக்கா இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.


15 ஓகஸ்ட், ஞாயிறு

மடு மாதா திருநாள். பூசை முடிந்து மண்டபத்தில் அப்பா பேசினார். எங்கள் பெண் பிள்ளைகள் இந்த நாட்டில் தலை நிமிர்ந்து நிற்கிறார்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா பிளாஸ்டிக் கோப்பைகளில் பழரசம் ஊற்றிக்கொண்டு குனிந்து நின்றார்.


18 ஓகஸ்ட், புதன்

தடித்த புத்தகத்தில் இன்றைக்கு ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தேன்.

ஹரியட் லிவிங்ஸ்டன். என் லிவிங்ஸ்டனின் சொந்தக்காரப் பெண். லிவிங்ஸ்டன் பிரான்சுக்குத் தூதுவராகப் போன இடத்தில் ஃபுல்டன் என்ற கெட்டிக்கார இயந்திரக்காரனைப் பிடித்தார். படகுக்குப் பணமும் உரிமையும் இவருடையது, மூளை அவனுடையது. 1807இல் அந்தப் படகு ஆற்றை எதிர்த்து ஓடியது. கரையில் நின்றவர்கள் பயந்தார்களாம். லிவிங்ஸ்டனின் காணி வந்ததும், படகில் இருந்த விருந்தாளிகள் எல்லாருக்கும் முன்னால், ஹரியட்டை ஃபுல்டனுக்குத் தருகிறேன் என்று அறிவித்தார் என்று ஒரு கதை இருக்கிறதாம். உண்மையோ தெரியாது என்று புத்தகமே சொல்கிறது. அடுத்த வருடம் கலியாணம் நடந்தது மட்டும் உண்மை.

படகு ஓடுகிறது. பெண்ணைக் கொடுக்கிறார். நான் இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை யாரோ இருநூறு வருடத்துக்கு முதல் ஆற்றில் மிதக்கவிட்ட மாதிரி.

ஹரியட் என்ன சொன்னாள்? தேடினேன். ஒன்றும் இல்லை. விரும்பியும் இருக்கலாம். நல்லாய்ச் சித்திரம் கீறுவாளாம், யாழ் மாதிரி ஒரு வாத்தியம் வாசிப்பாளாம். அதெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஓம் சொன்னாளா என்று எழுதவில்லை.

பிரான்சில் இருந்த காலத்திலேயே லிவிங்ஸ்டனுக்குக் காது சரியாகக் கேட்காதாம். அவருக்காவது ஒரு சாட்டு இருக்கிறது.


22 ஓகஸ்ட், ஞாயிறு

ஃபாதர் ஆரோக்கியசாமி வீட்டுக்கு வந்தார். அவர் திருச்சிப் பக்கத்து ஆள், தமிழ்ப் பூசைக்குப் பொறுப்பு. எங்கள் ஆட்கள் அவரைச் சுவாமி என்பார்கள். கலியாணத்துக்கு முன் குருவானவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக இருத்தி விசாரிக்க வேண்டும். யாரும் வற்புறுத்துகிறார்களா என்று கேட்க வேண்டும். ஞாயிறு வகுப்பில் எங்களுக்கு அதை அவரே சொல்லித் தந்தவர்.

எங்கள் வீட்டில் விசாரணை ஹோலில் நடந்தது. அம்மா இறால் பொரித்திருந்தார். அப்பா சுவாமிக்குப் பக்கத்துக் கதிரையில். அக்காவும் கொட்பிறி அண்ணாவும் எதிரே. சுவாமி மன்னார் இறால் கதையும் திருச்சி வெயில் கதையும் பேசி, சாப்பிட்டு, கை துடைத்துக்கொண்டே, "என்னம்மா அஞ்சலீனா, உனக்குச் சம்மதம்தானே?" என்றார்.

"ஓம் சுவாமி, ஓம்" என்றது அப்பா.

சுவாமி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள்.

நான் குசினி வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். அக்கா வாயைத் திறந்தது எனக்குத் தெரியும். பார்த்தேன். திறந்து மூடினார்.

அப்பாவின் நண்பர் என்றபடியால்தானே இப்படி? முகம் தெரியாத வீடு என்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். தலைவர் வீடு. தலைவர் வீட்டில் கேட்கத் தேவையில்லை.


29 ஓகஸ்ட், ஞாயிறு

கலியாண அறிவித்தலின் முதலாம் ஓலை கோவிலில் வாசித்தாயிற்று.

இங்கே இப்போது யாரும் ஓலை வாசிப்பதில்லை. அப்பாதான் ஊரில் போல மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டும் என்று கேட்டது. மன்னார் டெஸ்மன்ட், மார்கரெட் ஆகியோரின் மகள் அஞ்சலீனாவுக்கும் என்று தொடங்கியதும் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

கடைசி வசனம்தான் எனக்குக் காதில் நிற்கிறது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைக் குருவிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

அறிந்தவர்கள். நான் அறிவேன். அக்காவை விட்டால் அந்தக் கோவிலில் அறிந்தது நான் ஒருத்திதான். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.


2 செப்டெம்பர், வியாழன்

லிவிங்ஸ்டனைப் பற்றி ஒரு விசயம் தெரிந்து எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம்.

கையெழுத்து வைக்காததற்கு ஊருக்குக் கூப்பிட்டது மட்டும் காரணமாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு முதல் மாதம் விவாதம் நடந்தபோது, சுதந்திரம் சரிதான், ஆனால் இன்னும் காலம் வரவில்லை என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். சரிதான், ஆனால் இப்போது வேண்டாம். எவ்வளவு வசதியான கதை! பிறகு ஊருக்குப் போய்விட்டார். வாஷிங்டனுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார், பிரான்சிடமிருந்து அரைவாசி அமெரிக்காவை வாங்கும் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். பயமில்லாத கடதாசி எல்லாவற்றிலும் வைத்தார்.

நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஞாயிறு வேண்டாம். அடுத்த ஞாயிறு. அக்காவே சொல்லட்டும். என்ரை கலியாணமா?

இதெல்லாம் சும்மா சாட்டு, பேய்க்கதை. எனக்குப் பயம். அவ்வளவுதான். அப்பா சட்டைப் பையைத் தட்டினால்கூட நான் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன்.


5 செப்டெம்பர், ஞாயிறு

இரண்டாம் ஓலை. இன்றைக்குத் தந்தையர் தினமும். காலையில் அக்காவும் நானும் அப்பாவுக்கு வாழ்த்து மட்டை கொடுத்தோம். அப்பா இரண்டு பேரின் நெற்றியிலும் சிலுவை போட்டார். அவருடைய கண் கலங்கியது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு அன்பாக இருக்கிறவர் ஒரு கேள்வி கேட்க மாட்டாரா?

இந்த ஞாயிறும் நான் சுவாமியிடம் போகவில்லை.


9 செப்டெம்பர், வியாழன்

அக்கா இன்றைக்கு மஞ்சள் காகிதத்தில் சுற்றிய கூறைச் சேலையை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பிணத்தை மூடுவது போல. ஆஸ்பத்திரியில் பழகிய கை.


12 செப்டெம்பர், ஞாயிறு

எங்கிருந்து தொடங்க?

மூன்றாம் ஓலை வாசிக்கும்போது நான் அழவில்லை. காது மட்டும் கூவியது. இன்றைக்குப் பூசை முடிய மண்டபத்தில் எல்லாருக்கும் இயந்திர இடியப்பம். கொட்பிறி அண்ணாவும் அப்பாவும் இயந்திரத்தை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மூலையில் பூட்டியிருந்தார்கள். ஆவி பறக்கிறது, பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள், அப்பா தட்டுத் தட்டாக எடுத்துக் கொடுக்கிறார். திலகம் அன்ரியும் வரிசையில் நின்று ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல நேரான நூல் டெஸ்மன்ட். சட்டை தைக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.

எல்லாருடைய கண்ணும் அங்கே இருந்தது. நான் கோவிலுக்குள் திரும்பிப் போனேன். சுவாமி உடை மாற்றும் அறை. கதவு திறந்திருந்தது.

"சுவாமி, எனக்கு ஒரு தடை தெரியும்."

அவர் சிரித்தார். "என்னம்மா, மாப்பிள்ளை உனக்குச் சாக்லேட் வாங்கித் தரலையா?"

"நீங்கள் அக்காவைக் கேக்கேல்லை. கேட்டனீங்கள், ஆனா அப்பாதான் ஓம் எண்டவர். அக்கா சொல்லேல்லை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. மெதுமெதுவாகத்தான் போனது. கழற்றின தோள்பட்டியைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று விளங்கியது.

"தனியா கேட்டிருக்கணும்" என்றார். "இறால் சாப்பிட்டுட்டு வந்துட்டேன்." பிறகு, "அக்காவைக் கூட்டிட்டு வாம்மா. வேற யார்கிட்டயும் சொல்லாதே."

அக்காவைக் கூட்டிவந்தேன். என்னவென்று கேட்டார், சுவாமி கூப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன். கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே நின்று அந்தக் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளை. கை பட்டுப் பட்டு மினுங்கியது. மண்டபத்திலிருந்து சொதி மணமும் சிரிப்பும் வந்தன.

கதவு திறந்தபோது அக்காவின் முகம் வீங்கியிருந்தது. ஆனால் நிமிர்ந்திருந்தது. என் கையைப் பிடித்தார். எலும்பு நோகப் பிடித்தார்.

சுவாமி மண்டபத்துக்குப் போய் அப்பாவின் தோளில் கை வைத்துக் கார்கள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். சுவாமிதான் பேசினார். அப்பா இடியப்பத் தட்டைக் கையில் வைத்தபடியே கேட்டார். கடைசி வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எங்களை ஹோலில் நிற்கச் சொன்னார்.

"ஆர் சுவாமியிட்டைப் போய்ச் சொன்னது?"

அக்கா, "நான்" என்று தொடங்கினார். எனக்காக. பொய்யாக. அதைப் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் அப்பா. யசிந்தா."

என் பெயரை ஏன் சொன்னேன்? அவருக்குத் தெரியாதா? தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். சத்தமில்லாமல்.

"நீங்கள் கேக்கேல்லை."

கராஜுக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். இயந்திரச் சத்தம் இல்லை.


13 செப்டெம்பர், திங்கள்

அப்பா கதவையே கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. காலையில் பாணுக்கு வெண்ணெய் பூசி என் தட்டில் வைத்தார். வழக்கம்போல. ஆனால் என்னைப் பார்க்காமல்.

கலியாணம் இல்லை. அம்மா மண்டபக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னார்.


16 செப்டெம்பர், வியாழன்

இன்றைக்கு வகுப்பில் பேசினேன். பயமே வரவில்லை. ஞாயிறு நடந்ததுக்கு மேலே இனி என்ன பயம்?

லிவிங்ஸ்டன் பிறந்தது, வழக்காடியது, ஆங்கிலேயப் படை அவருடைய வீட்டை எரித்தது, தாய் அதைத் திரும்பக் கட்டியது. அந்தத் தாயின் பெயரும் மார்கரெட். ஊரில் யுத்தத்தில் என் அம்மாவின் வீடும் எரிந்தது, ஆனால் திரும்பக் கட்ட விடவில்லை. அதை வகுப்பில் சொல்லவில்லை. பிரகடனம், படகு, வெந்நீர்ச் சட்டம். அவர் இறந்த பிறகும் அந்தத் தனி உரிமை நீடித்தது, கடைசியில் நாட்டின் உச்ச நீதிமன்றம்தான் அதை உடைத்தது. வகுப்பு பரவாயில்லாமல் கேட்டது.

இவ்வளவு செய்தவரை ஏன் ஒருவருக்கும் தெரியாது என்று ஹெலன் கேட்டாள். கையெழுத்து வைக்க வேண்டிய நேரத்தில் அவர் அங்கே இல்லை என்றேன்.

நல்ல முயற்சி, ஆனால் ஹரியட்டுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை, அவள் உன் தலைப்பு இல்லை என்று மிஸ் காரஸ் எழுதித் தந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை மடித்து மடித்து முத்திரை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.


26 செப்டெம்பர், ஞாயிறு

கொட்பிறி அண்ணா வந்தார். அவர் கத்தினார். எங்கள் வீட்டில் ஒருவர் கத்தினது இதுதான் முதல் தடவை. "அங்கிள், அவவுக்குச் சம்மதம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். என்னை என்ன மனுசன் எண்டு அவ நினைச்சிருப்பா?"

அவரையும் கேட்கவில்லை. அவருக்கும் பதில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. இவ்வளவு நாளும் அவர்மேல் இருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. முழுவதையும் அப்பாமேல் போட்டால் பாரம் கூடிப் போகிறது.

அக்கா வெளியே வந்து, "எனக்கு உங்களிலை ஒரு கோபமும் இல்லை" என்றார். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தன் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.


10 ஒக்ரோபர், ஞாயிறு

பூசையில் ஆட்கள் எங்களைப் பார்க்கிற பார்வை! அப்பா முன் வாங்கில்தான் இருக்கிறார். ஒன்றியக் கூட்டத்துக்குப் போகவில்லை. கடைகளில் திரும்பவும் திலகம் அன்ரியின் இடியப்பம் வந்துவிட்டது.

குசினியில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். அவர் இந்த ஒரு மாதமும் என்னைத் திட்டவில்லை, தடவவும் இல்லை. இன்றைக்கு, என்னைப் பார்க்காமல், தேங்காய்ப் பூவை அள்ளிக்கொண்டே சொன்னார்:

"என்ரை கலியாணத்திலை என்னைக் கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். உங்கடை அப்பாவை எனக்குப் பிடிக்கும். எண்டாலும் கேட்டிருக்கலாம்."


21 ஒக்ரோபர், வியாழன்

சிட்னி வெஸ்ட்மீட்டில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்கு வேலை வந்திருக்கிறது. வருகிற வருடத்திலிருந்து. அப்பாவிடம் சொல்ல அவர் பேப்பரை மடிக்கவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து, "வெஸ்ட்மீட்டிலை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அதற்குப் பெயர் ஓமா?


2 நவம்பர், செவ்வாய்

குதிரைப் பந்தய விடுமுறை. நாள் முழுக்க மழை, யூன் மாதம் மாதிரிக் குளிர்.

மத்தியானம் கொட்பிறி அண்ணா வந்தார், பெட்டியோடு. அப்பா கூப்பிட்டிருக்கிறார் போல. இரண்டு பேரும் கராஜில் நெடுநேரம் நின்றார்கள். என்ன பேசினார்களோ, ஆவி பறக்கும் சத்தம் கேட்டது. பட்டறை முதலாளி அவருக்காக விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம், பதில் இன்னும் இல்லையாம். அப்பா அதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறார். இயந்திரத்துக்காகவோ, மனுசருக்காகவோ.

பிறகு எங்கள் கதவடியில் சத்தம். எட்டிப் பார்த்தால் கொட்பிறி அண்ணா முழங்காலில் இருக்கிறார், வாயில் இரண்டு ஸ்குரூ. கையில் எங்கள் பழைய கைப்பிடி. அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அது ஒரேயொரு ஆளின் பொக்கற்றில்தான் இருந்தது.

"தேத்தண்ணி கொண்டு வாறன் அண்ணா" என்றேன். அண்ணா என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஸ்குரூ ஒன்று விழுந்து உருண்டது, இரண்டு பேரும் தேடினோம்.

இரவு செபமாலை நேரம். யாரோ கதவைத் தட்டினார்கள். எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் ஒருவரும் தட்டியதில்லை. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். தட்டின ஆள் திறக்கவில்லை, அப்படியே நின்றார். அக்கா மெல்லத் தொண்டையைச் செருமி, "ஓம் அப்பா, வாங்கோ" என்ற பிறகுதான் கைப்பிடி திரும்பியது.

நான் இன்னும் முழுக்க மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு மறந்து போய்விடக் கூடாது.

குளிர்கிறது. இன்றிரவு இரண்டு காலுறையும் என் காலில்தான் இருக்கின்றன.